சன்னத்தின் நிறை

பத்திரிகைத் தொழிலுக்குள் நான் நுழைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இந்தக் காலத்தில் 'துப்பாக்கிச் சன்னம்' என்ற சொல்லை எத்தனை தடவை எழுதியிருப்பேன், எத்தனை தடவை ஒப்புநோக்கித் திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சன்னம் பாய்ந்து உயிரிழந்தார், சன்னம் பட்டுப் படுகாயமடைந்தார், வெற்றுத் தோட்டாக்கள் கண்டெடுக்கப்பட்டன என்று எழுதி எழுதித் தேய்ந்த கை இது. ஆனால், ஒரு சன்னத்தின் நிறை எவ்வளவு என்று ஒருநாளாவது நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

அந்தக் கேள்வியை முதன்முதலாக எதிர்கொண்டது 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில், நோர்வேயில், பள்ளித் தோழன் ஒருவனின் குசினி மேசையில்.

நண்பனின் வீடு திரொண்ட்ஹைம் நகருக்கு வடக்கே, காடும் வயலும் மாறிமாறி வரும் ஓர் ஊரில் இருக்கின்றது. நான் போய் இறங்கிய இரவு, இடியப்பத்துக்கும் சொதிக்கும் இடையில் இரண்டு தோட்டாப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்றில் 180 என்றும் மற்றையதில் 150 என்றும் எழுதியிருந்தது. இரண்டும் ஈயமே இல்லாத, முழுக்க முழுக்கச் செப்பினால் செய்யப்பட்ட வேட்டைச் சன்னங்கள் என்றான். எதைக் கொண்டு போவது என்பதே அவனுடைய பிரச்சினை. வேட்டைக்காலம் தொடங்க ஆறு நாட்கள் இருந்தன.

நான் ஒரு தோட்டாவை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கைக்குப் பழக்கப்பட்ட அளவாக இருந்தது. "இது எங்கடை ஒழுங்கையிலை பொறுக்கின கோது மாதிரியெல்லே கிடக்கு" என்றேன்.

"மாதிரி இல்லையடா மச்சான். கிட்டத்தட்ட அதே அளவுதான்" என்றான்.

1987 ஒக்ரோபரில் இந்தியப் படை யாழ்ப்பாண நகருக்குள் முன்னேறிய நாட்களின் பின்னர், ஒழுங்கைகளில் சிதறிக் கிடந்த பித்தளைக் கோதுகளை அவனும் நானும் பொறுக்கியிருக்கின்றோம். அந்தப் படையினர் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். துவக்குகளின் 7.62 மில்லிமீற்றர் தோட்டாக்கள் அவை. அதே குடும்பத்தின் வேட்டைத் தோட்டாவே .308 வின்செஸ்ரர். அமெரிக்காவில் 1952இல் விற்பனைக்கு வந்தது. உலகின் பாதி வேட்டைக்காரர்கள் இன்றும் இதைத்தான் தோளில் சுமக்கின்றார்கள் என்று நண்பன் சற்று மிகைப்படுத்திச் சொன்னான்.

இவன் 1989இல் நாட்டைவிட்டுப் புறப்பட்டவன். நோர்வேயின் வடமுனையான பின்மார்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் எங்களவர் பலரைப் போலவே கைகள் விறைக்க நின்று வேலை செய்தவன். பிறகு குடும்பத்தோடு தெற்கே இறங்கி வந்தான். அயலவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் கூட்டமாகக் காட்டுக்குப் போய், எல்க் என்ற பெருமானை வேட்டையாடி, இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். எங்கள் மரை அதன் பக்கத்தில் நின்றால் கன்று போலத் தெரியும். ஊரோடு ஒத்துவாழ வேண்டுமென்றால் அந்தப் பங்கில் ஒன்று தன் வீட்டுக்கும் வர வேண்டும் என்று இவன் எண்ணினான். முப்பது மணி நேர வேட்டைப் பாடநெறிக்குப் போனான். நோர்வேஜிய மொழியில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தான். பெருவிலங்கு வேட்டைக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் 100 மீற்றர் தூரத்தில் ஐந்து வெடி வைத்துத் தமது குறியை நிரூபிக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக அந்தப் பரீட்சையையும் தவறவிட்டதில்லை. வன்னிக் காட்டில் இடியன் துவக்கோடு திரிந்த தன் பேரனார் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று அவன் அடிக்கடி சொல்வான்.

இவ்வளவு காலமும் அவன் பாவித்தது 180 கிரெயின் ஈயச் சன்னம். கிரெயின் என்பது பழைய ஆங்கில நிறை அளவு. 180 கிரெயின் என்றால் ஏறக்குறைய 11.7 கிராம், 150 கிரெயின் 9.7 கிராம். ஒருவரும் அவனைக் கேள்வி கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு அவனுடைய மூத்த மகள் கருவுற்றாள். மருத்துவத் தாதி அவளிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டபோது, வீட்டில் வேட்டை இறைச்சி சாப்பிடுவீர்களா, அது எந்தச் சன்னத்தால் சுடப்பட்டது என்றும் கேட்டிருக்கின்றார். மகள் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அன்றிரவே குளிரூட்டியைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த பொதிகளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக நண்பனின் மனைவி என்னிடம் சொன்னார்.

ஈயம் மென்மையான உலோகம். மேலே மெல்லிய செப்புறை போர்த்திருந்தாலும், ஒரு செக்கனுக்கு எழுநூறு, எண்ணூறு மீற்றர் வேகத்தில் உடலைத் தாக்கும்போது அது மலர்வதோடு நிற்பதில்லை, உதிர்கின்றது. சுடப்பட்ட மானை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், காயத்தின் பாதையைச் சுற்றி வெண்புள்ளிகள் பனி தூவியதுபோலப் பரந்து கிடக்கும். பல துகள்கள் கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாதவை. 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் வைத்தியர் ஒருவர், வறியவர்களுக்கென்று அன்பளிப்புச் செய்யப்பட்ட மான் இறைச்சிப் பொதிகளை ஸ்கான் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது உள்ளே உலோகத் துகள்கள் தெரிந்தன. பெருந்தொகை இறைச்சி விநியோகத்திலிருந்து நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் அந்த மாநிலத்தில் 738 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. வேட்டை இறைச்சி உண்போரின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே காணப்பட்டது. நோர்வேயிலும் உணவுப் பாதுகாப்புக்கான விஞ்ஞானக் குழு 2013இல் இந்த விடயத்தை ஆராய்ந்து எச்சரித்தது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளைக்கே அது முதற் பகைவன்.

"இருவது வருசமா என்ரை பிள்ளையளுக்கு நான்தான்ரா உதைச் சமைச்சுக் குடுத்தனான்" என்றான் நண்பன். அவன் குரலில் அழுகை இல்லை. அதைவிடக் கனமான ஏதோ ஒன்று இருந்தது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் நினைவு வேறொரு மேசைக்குப் போயிருந்தது.

1988இல் ஒரு நாளிதழில் ஒப்புநோக்காளனாக நான் சேர்ந்தபோது, அங்கே எழுத்துகள் இன்னமும் கையால் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஈயத்தோடு சிறிது வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து வார்க்கப்பட்ட எழுத்துகள் அவை. மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியண்ணை என்போம். கண்ணை மூடிக்கொண்டே 'ணை'யையும் 'றை'யையும் எடுத்துக் கோப்பார். பாண் துண்டைச் சாம்பல் படிந்த அதே விரல்களால் பிய்த்துச் சாப்பிடுவார். மாலையில் ஒரு கோப்பை பால் குடிப்பார். பால் குடித்தால் ஈயம் உடம்பில் தங்காது என்பது அந்தக் கூடத்தின் மருத்துவம். அவர் முரசில் நீலம் பாய்ந்த கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. வெற்றிலைக் கறை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கடைசிக் காலத்தில் கை நடுங்கி, எழுத்து அறை மாறி விழத் தொடங்கியது. வயது போய்விட்டது என்றார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு. இன்று என் வயது அதைவிடக் கூட. முரசில் விழும் அந்தக் கோடு ஈயம் உடலில் ஏறியதற்கான அடையாளம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அறிந்துகொண்டேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

இனிச் செப்புக்கு வருகின்றேன்.

செப்புச் சன்னம் நஞ்சுக்கு அஞ்சிப் பிறந்த ஒன்றல்ல. அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனத்தை நடத்திய ரன்டி புரூக்ஸ் என்ற வேட்டைக்காரர், சன்னம் உடலுக்குள் சிதறி உறை வேறு ஈயம் வேறாகப் பிரிவதைக் கண்டு சலித்து, ஈயத்தையே அகற்றிவிட்டால் என்ன என்று யோசித்தார். 1989இல் அது சந்தைக்கு வந்தது. நுனியில் ஒரு குழி; தாக்கியதும் அந்தக் குழி பிளந்து நான்கு இதழ்களாக விரியும்; அடிப்பகுதி கட்டியாகவே நின்று ஊடுருவும். சுற்றாடலின் கணக்கு பின்னர் வந்தது. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்செல்லும் குடல்களைத் தின்று ஈய நஞ்சேறி மடிந்தது கலிபோர்னியாவின் கொண்டோர் கழுகு. 1982இல் உலகில் எஞ்சியிருந்தவை 22 பறவைகள் மட்டுமே. கூண்டில் வளர்த்து மீண்டும் காட்டில் விட்ட பின்னரும் அவற்றின் உயிரை அதிகம் பறித்தது ஈயமே. கலிபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் வேட்டையில் ஈயத்தை முற்றாகத் தடைசெய்தது. டென்மார்க் ஈயச் சிதறுரவைகளை 1996இலேயே நிறுத்திய நாடு. 2024 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து றைபிள் சன்னத்திலும் ஈயத்தை நிறுத்திவிட்டது. கொண்டோர்களின் தொகை இன்று ஐந்நூறைத் தாண்டியிருக்கின்றது.

நண்பன் முதலில் செய்த தவறு மிக இயல்பானது. ஈயத்தில் 180 பாவித்தவன், செப்பிலும் 180 வாங்கினான். அதே நிறை, அதே பலம் என்பது அவன் கணக்கு. ஒகஸ்ற்றில் பயிற்சித் திடலுக்குப் போய் 100 மீற்றரில் சுட்டான். ஓர் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டிய துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பரந்துவிட்டன. துவக்கின் நோக்கியைக் குறை சொன்னான், தன் கண்ணைக் குறை சொன்னான், வயதைக் குறை சொன்னான். வேட்டைக் குழுவின் மூத்தவரான அயலவர் ஒருவரே 150 பெட்டியைக் கொடுத்து, இதைச் சுட்டுப்பார் என்றாராம். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஊர் மனிதர்கள் அதிகம் பேசுவதில்லை.

அந்த 'ஏன்' என்பதை நாங்கள் இருவரும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து தேடினோம். கலைப்பட்டதாரியான எனக்குப் பௌதிகம் தூரத்து உறவு. ஆயினும் விளங்கிக்கொண்டதை எழுதுகின்றேன்.

ஈயத்தின் அடர்த்தி, ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். செப்பினுடையது 8.96. எனவே ஒரே விட்டத்தில், ஒரே நிறையில் இரண்டு சன்னங்களைச் செய்தால் செப்புச் சன்னம் நீளமாகத்தான் இருக்கும். தோட்டாவை வெளியே பார்த்தால் இது தெரியாது. மொத்த நீளம் மாறக்கூடாது என்பதற்காக, கூடுதல் நீளத்தைக் கோதுக்குள்ளே தாழ்த்திவிடுகின்றார்கள். அது மருந்துக்கான இடத்தையும் தின்றுவிடுகின்றது.

நீளம் கூடினால் இன்னொரு சிக்கல். துவக்குக் குழலின் உட்சுவரில் சுரியாக வெட்டப்பட்ட பள்ளங்கள் சன்னத்தைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புகின்றன. சுழற்சி போதாவிட்டால் சன்னம் தலையாட்டும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் சன்னத்தின் நீளத்துக்கே பெரும் பங்கு. வூல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்பிரட் ஜோர்ஜ் கிரீன்ஹில் 1879இலேயே இதற்குச் சூத்திரம் வகுத்துவிட்டார். நண்பனின் துவக்கு பழையது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று மட்டுமே சுழற்றுவது. 180 கிரெயின் ஈயத்துக்கு அது போதும். அதே நிறையுள்ள நீண்ட செப்புக்கு அது விளிம்பில் நிற்கும் அளவு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் நோர்வேயின் இலையுதிர்காலத்தில் அந்த விளிம்பும் மேலும் ஒடுங்கும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள புதிய துவக்கு என்றால் 180உம் நேராகப் போயிருக்கும்.

அடுத்தது வேகம். செப்பு ஈயத்தைவிடக் கடினமானது. இதழ் விரிய அதற்கு வேகம் வேண்டும். தாக்கும் தருணத்தில் செக்கனுக்கு 550 முதல் 600 மீற்றர் வரையாவது இருக்க வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. அதற்குக் கீழே அது விரியாமல் ஊசிபோல ஊடுருவிப் போய்விடலாம். விலங்கு காயத்தோடு காட்டுக்குள் மறைந்து நாட்கணக்கில் துன்புறும். .308 துவக்கில் 150 கிரெயின் செப்பு ஏறக்குறைய 850 மீற்றர் வேகத்தில் புறப்படும். 180 ஏறக்குறைய 780இல். காட்டுக்குள் நூறு மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் இரண்டுமே விரியும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தூரம் கூடக்கூடத்தான் பாரம் குறைந்தது முந்தும்.

கடைசியாக, நண்பனை உறுத்திக்கொண்டிருந்த கேள்வி. பெரிய விலங்குக்கு 150 போதுமா? இங்கேதான் கணக்கு தலைகீழாகின்றது. 180 கிரெயின் ஈயச் சன்னம் உடலுக்குள் மூன்றிலொரு பங்கை உதிர்த்தால் முடிவில் மிஞ்சுவது 120. 150 கிரெயின் செப்பு எதையும் உதிர்க்காமல் விட்டால் மிஞ்சுவது அதே 150. புறப்படும்போது பாரம் குறைந்தது, போய்ச் சேரும்போது பாரம் கூடியதாகிவிடுகின்றது. உதிராத அந்தப் பங்குதான் இறைச்சிக்குள் போகாத பங்கு. வடஐரோப்பாவின் எல்க் வேட்டைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்றும், சுடப்பட்ட பின் விலங்கு ஓடும் தூரத்தில் ஈயத்துக்கும் செப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே காட்டியது. ஆக, ஈயத்திலிருந்து செப்புக்கு மாறுபவர் ஒரு படி பாரத்தைக் குறைப்பதே பொதுவிதி. ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியது அவரவர் துவக்கு.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு நெருடல் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. உடலுக்குள் விரியும் சன்னத்தை மனிதர்மீது பாவிக்கக் கூடாது என்று 1899இல் ஹேக் நகரில் நாடுகள் பிரகடனம் செய்தன. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலத் தொழிற்சாலையில் பிரித்தானியர் உருவாக்கிய 'டம்டம்' சன்னமே அதற்கு முக்கிய காரணம். வேட்டையிலோ விதி நேர்மாறு. விரியாத சன்னத்தால் பெருவிலங்கைச் சுடுவது நோர்வேயில் குற்றம். ஏனெனில் அது விரைவாகக் கொல்லாது. விலங்கு துடிக்கக் கூடாது என்பதற்காக ஒரு மனிதன் கிராமையும் அங்குலத்தையும் இரவிரவாகக் கணக்கிடுகின்றான். எங்கள் ஒழுங்கைகளில் கோதுகளை விட்டுச் சென்றவர்களுள் எவரும் எவருக்காகவும் அப்படிக் கணக்கிட்டதாக எனக்கு நினைவில்லை. வேட்டை பற்றி எனக்கிருந்த இளக்காரம் அந்த மேசையில் சற்றுக் குறைந்தது.

மறுநாள் பயிற்சித் திடலுக்கு நானும் போனேன். முதலில் குழலில் படிந்திருந்த பழைய படிவுகளை மணிக்கணக்காகத் துடைத்தெடுத்தான். பிறகு 150 கிரெயினில் ஐந்து வெடி. கடதாசியில் ஐந்து துளைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயால் மூடலாம்போல் இருந்தது. 180 பெட்டியை அயலவரின் மகனுக்குக் கொடுத்தான். அவனுடைய துவக்கு புதியது.

எல்க் வேட்டை செப்டெம்பர் 25ஆந் திகதி தொடங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவனுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில், ஒரு சதுப்பின் ஓரமாக, அவனுக்குப் பின்னால் நானும் குந்தியிருந்தேன். நாய்களின் சத்தம் கிட்ட வந்தது. இளம் ஆண் எல்க் ஒன்று பிர்ச் மரங்களுக்கிடையே வெளிப்பட்டு நின்றது. எழுபது மீற்றர் இருக்கும். ஒரேயொரு வெடி. முப்பத்தாறு ஆண்டுகளாக அந்தச் சத்தத்துக்கு என் உடல் எப்படி ஒடுங்குமோ அப்படியே ஒடுங்கியது. காடும் நாடும் வேறு என்பது முதுகெலும்புக்குத் தெரிவதில்லை. விலங்கு நாற்பது அடிகள் நடந்து, முன்கால் மடிந்து விழுந்தது. நண்பன் நெடுநேரம் துவக்கின் பிடியில் கன்னத்தை வைத்தபடியே இருந்தான். பிறகு எழுந்துபோய், அதன் பக்கத்தில் தொப்பியைக் கழற்றினான்.

பின்னேரம் தோலுரித்தபோது, மறுபக்கத் தோலின் அடியில் சன்னம் அகப்பட்டது. நான்கு இதழ்களும் விரிந்து, செம்பரத்தம் மொட்டு பாதி மலர்ந்தது போல இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, மனைவி நகை நிறுக்கும் சிறிய தராசை வாங்கி அதில் வைத்தான். 9.6 கிராம். புறப்பட்டபோது 9.7. ஆறு, ஏழு தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான். ஒரு தடவைகூட எண் மாறவில்லை.

குளிரூட்டியில் இருந்த பழைய பொதிகளை என்ன செய்வது என்பதில் கணவன் மனைவிக்குள் அன்றிரவு சிறு வாக்குவாதம். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி அகற்றிய துண்டுகள்தானே, மூத்தவர்கள் நாங்கள் சாப்பிடலாம் என்றான் அவன். அரைத்த இறைச்சியில் எது எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும் என்றார் அவர். இறுதியில் அரைத்தவை எல்லாம் குப்பைக்குப் போயின. காட்டில் போடவில்லை; கழுகுகள் அங்கேயும் உண்டு.

மகளுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அவளுடைய இரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னதாக நண்பன் தொலைபேசியில் அறிவித்தான். அதைச் சொல்லி முடித்துவிட்டு, பெரியண்ணையின் குடும்பம் இப்போது எங்கே என்று கேட்டான். குசினி மேசையில் நான் சொன்ன கதையை அவன் மறக்கவில்லை.

தேடிப் பார்த்தேன். அவருடைய மகன் கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கின்றார். போய் ஒரு மணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தேன். தகப்பன் கடைசிவரை, தனக்கு வந்தது வயதின் நடுக்கம் என்றே நம்பியிருந்தாராம். முரசில் இருந்த கோட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கின்றேன். புறப்படும்போது, தகப்பன் நினைவாக வைத்திருந்த ஈய எழுத்து ஒன்றை மகன் என் உள்ளங்கையில் வைத்தார். பார்வைக்குச் சிறியது. கையில் வைத்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.